மலை நிரைக்கும் மட்ட நிரைக்கும் ஒரே அளவா?

தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மாதங்களில், கடல் கடந்து இங்கேயும் ஒரு பேச்சு தவறாமல் எழும். தேநீர்க்கடையிலும் கேட்கலாம், கோயில் மண்டபத்திலும் கேட்கலாம்.

"அங்க பாரு, எழுவது மார்க் எடுத்தவன் டாக்டருக்குப் படிக்கப் போறான். தொண்ணூறு எடுத்த புள்ள வெளிய நிக்குது. கேட்டா சாதிக் கோட்டாவாம். இது எந்த ஊரு நியாயம்?"

அதே வாய், நம் நாட்டில் மெட்ரிகுலேஷன் முடிவுகள் வெளியானதும் வேறு விதமாகப் பேசும்.

"எத்தன ஏ எடுத்தும் நம்ம புள்ளைக்கு எடம் இல்ல. நம்மளுக்குன்னு நாலு எடம் ஒதுக்கி வெச்சா என்ன கொறஞ்சா போயிடும்?"

கவனித்தீர்களா, தோழர்களே? அங்கே ஒதுக்கினால் அநியாயம்; இங்கே நமக்கு ஒதுக்காவிட்டால் அநியாயம். ஒரே நாக்கு இரண்டு தீர்ப்புச் சொல்கிறது. ஊருக்குத்தான் உபதேசம் என்பது இதுதான்.

இந்த இரண்டு பேச்சையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துப் பார்க்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. கல்லூரி இடங்களைச் சாதி பார்த்து ஒதுக்குவது நியாயமா என்றால், நியாயம்தான் என்று அழுத்தமாகச் சொல்லுவேன். ஆனால் ஏன் நியாயம் என்று தெரிந்து சொல்ல வேண்டும். அந்த 'ஏன்' தெரிந்தால்தான், நம் நாட்டில் நாம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

தராசு ஒன்று, காடு ஒன்றா?

பால் வெட்டியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு மட்டமான நிலத்தில் இளமரம் கொடுத்திருக்கிறார்கள். பட்டை நன்றாக இருக்கிறது; கத்தி வைத்தால் பால் ஓடுகிறது. இன்னொருவருக்கு மலைச்சரிவில் கிழட்டு மரம். ஏறி இறங்கவே பாதி நேரம் போய்விடும். மங்கு பாதிகூட நிரம்பாது. பத்து மணிக்கு இருவரும் பாலைத் தூக்கிக்கொண்டு நிறுக்கும் இடத்துக்கு வருகிறார்கள். கிராணி நிறுக்கிறார். முன்னவருக்கு அதிகம், பின்னவருக்குக் குறைவு.

"தராசு எல்லாருக்கும் ஒண்ணுதானே? அவன் சோம்பேறி, அதான் கொறச்சல்" என்று கிராணி சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? "ஐயா, தராசு ஒண்ணுதான். காடு ஒண்ணா? மரம் ஒண்ணா?" என்று கேட்க மாட்டோமா? மலை நிரைக்கும் மட்ட நிரைக்கும் ஒரே அளவு கேட்டால் சங்கத்துக்காரர் சும்மா இருப்பாரா?

பரீட்சை மதிப்பெண்ணும் இப்படித்தான். தாள் ஒன்று, கேள்வி ஒன்று, நேரம் ஒன்று. ஆனால் தாளை எழுதும் இரண்டு பிள்ளைகளும் ஒரே காட்டில் மரம் வெட்டியவர்கள் அல்லர். ஒரு வீட்டில் தாத்தா காலத்திலிருந்து புத்தக அலமாரி. தகப்பனார் வாத்தியார், தாயார் கணக்குச் சொல்லிக் கொடுப்பார், மாலையில் தனி வகுப்பு. இன்னொரு வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்தவனே இந்தப் பிள்ளைதான். அவன் எடுத்த எண்பது, இவன் எடுத்த தொண்ணூறுக்கு எந்த விதத்தில் குறைச்சல்?

தெருவில் நடக்கவே சட்டம் வேண்டியிருந்தது

ஏழை வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் பின்தங்கித்தானே இருக்கிறார்கள், இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பாரும் உண்டு. ஏழ்மை ஒருவனை மெதுவாக நடக்க வைக்கும். சாதியோ தெருவிலேயே நடக்க விடாது.

இது வெறும் பேச்சு அல்ல. 1924ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது இடம் இவற்றில் தாழ்த்தப்பட்ட மக்களும் நடமாடலாம், அதைத் தடுக்கக் கூடாது என்பதுதான் அந்தத் தீர்மானம். நினைத்துப் பாருங்கள். தெருவில் நடப்பதற்கே சட்டசபைத் தீர்மானம் தேவைப்பட்டது. அப்படிப்பட்ட ஊரில் அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடப் படி ஏறியிருக்குமா? ஏறியிருந்தாலும் மற்றப் பிள்ளைகளோடு ஒரே பலகையில் உட்கார்ந்திருக்குமா?

படித்த பதவிகள் ஒரு சிறு கூட்டத்தின் கையிலேயே இருந்தபோதுதான் நீதிக்கட்சி ஆட்சி 1921இல் வகுப்புவாரி உரிமை ஆணையைப் பிறப்பித்தது. அது காகிதத்திலேயே கிடந்தது. 1920களின் இறுதியில் அமைச்சர் முத்தையா முதலியார்தான் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பன்னிரண்டு வேலை இருந்தால் இன்னின்ன வகுப்பாருக்கு இத்தனை என்ற கணக்கு அப்போது வந்தது. 1947இல் அந்தக் கணக்கைப் பதினான்காகத் திருத்தினார்கள். பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் கிறிஸ்தவர்க்கும் 1, முஸ்லிம்களுக்கு 1. கல்லூரி இடங்களும் இப்படியே பங்கிடப்பட்டன.

இந்தியா குடியரசானதும் இந்த ஆணையை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணை செல்லாது என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாடு கொதித்தது. பெரியார் கிளர்ச்சியில் இறங்கினார். அதே ஆண்டிலேயே இந்திய நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தை முதன்முறையாகத் திருத்தியது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பாருக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) பிரிவு அப்படிப் பிறந்ததுதான். அதாவது, இன்று இந்தியா முழுவதும் கல்லூரியில் இருக்கும் ஒதுக்கீட்டுக்கு வாசலைத் திறந்துவிட்டது தமிழ்நாட்டுப் போராட்டம்.

பிறகு கணக்கு வளர்ந்தது. சட்டநாதன் குழு அறிக்கைக்குப் பிறகு 1971இல் பிற்பட்டோருக்கு 31, தாழ்த்தப்பட்டோர் பழங்குடியினருக்கு 18 என்று 49 விழுக்காடு ஆயிற்று. 1980இல் எம்.ஜி.ஆர். பிற்பட்டோர் பங்கை 50 ஆக்கினார். 1990இல் பழங்குடியினருக்குத் தனியே 1 விழுக்காடு கொடுத்தபோது மொத்தம் 69. 1992இல் மண்டல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 50க்கு மேல் போகலாகாது என்றது. தமிழ்நாடு 1993இல் தனிச் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு அதை அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துக் காத்துக்கொண்டது. 69 விழுக்காடு இன்றும் நிற்கிறது.

தோட்டத்துக்கு இதில் என்ன வேலை?

"அது ஊரு சமாச்சாரம். நமக்கு என்னா?" என்று சொல்லாதீர்கள். மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர்கள் யார்? திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களில் நிலமில்லாமல் கூலிக்குப் பாடுபட்டவர்கள். அவர்களில் கணிசமானோர் பள்ளிக்கூட வாசலை மிதிக்க விடப்படாத சாதிகளில் பிறந்தவர்கள். கங்காணி வந்து "அக்கரையில காசு கொட்டிக் கெடக்கு" என்று சொன்னதை மட்டும் நம்பி அவர்கள் கப்பல் ஏறவில்லை. ஊரில் தலைநிமிர வழியில்லை என்பதும் ஏற வைத்தது.

இங்கே வந்தும் சாதி விட்டதா? பழைய தோட்டங்களில் சாதிக்கொரு லயம் ஒதுக்கியிருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கோயில் திருவிழாவில் யார் எங்கே நிற்பது, யார் எதைத் தொடுவது என்ற கணக்கும் இருந்தது. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கி மலாயாவின் பல ஊர்களிலும் சிங்கப்பூரிலும் பேசினார். 1935இல் கோ. சாரங்கபாணி தமிழ் முரசைத் தொடங்கியபோதும் சீர்திருத்தமே அதன் உயிர்நாடியாக இருந்தது. அவ்வளவு பேசவேண்டிய தேவை இங்கே இருந்தது என்றுதானே பொருள்?

ஆகவே, 'சாதிக் கோட்டாவில் படிக்கிறவன்' என்று நாம் ஏளனமாகச் சொல்லும்போது யாரைச் சொல்கிறோம்? நம் பாட்டன் ஊரில் விட்டுவிட்டு வந்த அண்ணன் தம்பியின் பேரப்பிள்ளையைச் சொல்கிறோம். கப்பல் ஏறாமல் அங்கேயே இருந்திருந்தால் நாமே அந்த வரிசையில் நின்றிருப்போம். நம்மில் பலர் இதைச் சொல்லிக்கொள்ள வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் தடுத்தவர்களே தவிர, தடுக்கப்பட்டவர்கள் அல்லர்.

தகுதி கெட்டுப் போகுமாம்!

அடுத்த கேள்வி: "கொறஞ்ச மார்க்குல டாக்டரானவன் ஊசி போட்டா உயிர் நிக்குமா?"

முதலில் அந்த எழுபது, தொண்ணூறு கதையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2007 முதல் 2016 வரை மருத்துவத்துக்கு நுழைவுத் தேர்வு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை 200க்குக் கணக்கிட்டுச் சேர்த்தார்கள். அந்த ஆண்டுகளில் பொதுப் பட்டியலில் கடைசியாக இடம் பெற்றவருக்கும் பிற்பட்டோர் பட்டியலில் கடைசியாக இடம் பெற்றவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஓரிரு மதிப்பெண்தான். தாழ்த்தப்பட்டோர் பட்டியலும் அதற்குச் சற்றே கீழே நின்றது, பாதாளத்தில் இல்லை. மீதியுள்ள 31 விழுக்காடு இடம் மேல்சாதிக்கு எழுதி வைத்ததும் அல்ல. அது எல்லாருக்கும் பொது. எந்தச் சாதிப் பிள்ளையும் மதிப்பெண்ணால் அதில் ஏறலாம், ஏறிக்கொண்டும் இருக்கிறது.

இரண்டாவது, ஒதுக்கீடு வாசல் வரைக்கும்தான். உள்ளே போன பிறகு எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே பரீட்சை, ஒரே தேர்ச்சி மதிப்பெண். ஐந்தரை ஆண்டு படித்துத் தேறாதவன் எந்தச் சாதியானாலும் டாக்டர் ஆக முடியாது.

மூன்றாவது, இத்தனை ஆண்டுகள் இவ்வளவு ஒதுக்கீடு கொடுத்த தமிழ்நாட்டில் வைத்தியம் சீரழிந்தா போயிற்று? பிள்ளைப்பேற்றில் இறக்கும் தாய்மார் குறைவு, பிறந்த குழந்தை சாவது குறைவு என்று கணக்கெடுத்தால் இந்திய மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு முன்னணியில் நிற்கிறது. கிராமத்திலிருந்து வந்து படித்தவர்களும் அந்த ஆஸ்பத்திரிகளில் நின்று வேலை செய்ததால் வந்த பலன் இது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பணத்துக்கு விற்கும் இடத்தைப் பற்றி ஏன் ஒருவரும் வாய் திறப்பதில்லை? இந்தியாவின் தனியார் மருத்துவக் கல்லூரிகளில் வெளிநாடு வாழ் இந்தியர்க்கென்று 15 விழுக்காடு வரை இடம் வைத்துக்கொள்ள 2005இல் உச்ச நீதிமன்றமே அனுமதித்தது. அதுவும் ஒதுக்கீடுதான். அங்கே அளவுகோல் பணம். காசு உள்ளவன் குறைந்த மதிப்பெண்ணில் சேர்ந்தால் 'வசதி'. குடிசைக்காரன் ஒரு மதிப்பெண் குறைந்து சேர்ந்தால் 'தகுதி போச்சு'. இந்த நியாயம் எனக்குப் புரியவில்லை.

ஏழைக்குக் கொடுத்தால் போதாதா?

இதைக் கேட்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். நல்ல மனதோடு கேட்பவர்கள் உண்டு. எல்லாச் சாதியிலும் ஏழை இருக்கிறான் என்பதும் மெய்.

ஆனால் சாதியை எடுத்துவிட்டு வருமானத்தை மட்டும் வைத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1979இல் எம்.ஜி.ஆர். அரசு, ஆண்டுக்கு 9,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பிற்பட்டோர் சலுகை இல்லை என்றது. பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. 1980 நாடாளுமன்றத் தேர்தலில் அடி விழுந்ததும் ஆணையைத் திரும்பப் பெற்று, பிற்பட்டோர் பங்கையும் உயர்த்திக் கொடுத்தார். அந்த மக்கள் கேட்டது எளிமையான ஒன்று: "முந்தாநேத்துதான் பந்தியில ஒக்காந்தோம். அதுக்குள்ள எல பறிக்கிறீங்களே?"

2019இல் இந்திய அரசு, மற்ற ஒதுக்கீட்டில் வராத வகுப்புகளின் ஏழைகளுக்கென்று 10 விழுக்காடு கொண்டுவந்தது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்க்குக் கீழே இருந்தால் ஏழையாம். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த பரம ஏழைக்கு இந்த ஏழைகள் ஒதுக்கீட்டில் இடமில்லை. 2022இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர் இது செல்லும் என்றார்கள்; இருவர் செல்லாது என்றார்கள். அந்த இருவர் பக்கம்தான் என் மனம் நிற்கிறது. ஏழ்மைக்கென்று கொடுப்பதில் ஏழையிலேயே தள்ளி வைக்கப்பட்டவனை மறுபடியும் தள்ளி வைத்தால் அதற்குப் பெயர் என்ன?

சாதியைக் கைவிடாமலே ஏழ்மையையும் கணக்கில் எடுக்க முடியும் என்பதற்கு நல்ல உதாரணமும் தமிழ்நாட்டில்தான் இருக்கிறது. 2017இல் நீட் என்னும் அகில இந்திய நுழைவுத் தேர்வு வந்த பிறகு, அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மருத்துவத்தில் சேர்ந்த பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை வந்தது. பெருந்தொகை கட்டித் தனிப்பயிற்சி எடுத்தவர்கள் முந்திக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் குழு இதை ஆராய்ந்தது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. அந்த ஓர் ஆண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலும் சேர்த்து 400க்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ளே போனார்கள். அந்த 7.5க்குள்ளும் வகுப்புவாரிப் பங்கு அப்படியே உண்டு. கூலிக்காரர் பிள்ளை, தையல்காரர் பிள்ளை, ஆடு மேய்ப்பவர் பிள்ளை வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டதை நாடே பார்த்தது. மூளை அதே மூளைதான். முந்திய ஆண்டு கதவு சாத்தியிருந்தது, அந்த ஆண்டு திறந்தது.

கடைசி லயம் வரை போகிறதா?

ஒதுக்கீட்டை ஆதரிக்கிறேன் என்பதற்காக, நடப்பதெல்லாம் சரி என்று சொல்லிவிட மாட்டேன். குழாயில் தண்ணீர் வருகிறது. ஆனால் முதல் வீட்டுக்காரன் நாலு தொட்டி நிரப்பிக்கொண்டால் கடைசி லயத்துக்குச் சொட்டுத்தானே போகும்? ஒதுக்கீட்டிலும் அந்த ஆபத்து இருக்கிறது. பிற்பட்டோர் என்ற ஒரே பெயருக்குள் நிலபுலம் உள்ள சாதியும் இருக்கிறது, அன்றாடங்காய்ச்சியும் இருக்கிறான்.

1987இல் வன்னியர்கள் சாலை மறியல் செய்தபோது துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதன் பிறகே, 1989இல், மிகவும் பிற்பட்டோருக்கென 20 விழுக்காடு தனியாகப் பிரிக்கப்பட்டது. தாழ்த்தப்பட்டோருக்குள்ளும் கடைசியில் தள்ளப்பட்டவர்கள் அருந்ததியர். மலம் அள்ளுவதும் தோல் வேலையும் அவர்கள் தலையில் கட்டப்பட்டிருந்தது. 18 விழுக்காடு இருந்தும் அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது மிகச் சிறிது. நீதிபதி சனார்த்தனம் குழுவின் பரிந்துரைப்படி 2009இல் அந்த 18க்குள் 3 விழுக்காடு அவர்களுக்கென்று வகுக்கப்பட்டது. இப்படி உட்பிரிவு செய்யலாமா என்ற வழக்கில், 2024 ஆகஸ்டு 1ஆம் நாள் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் "செய்யலாம்" என்று தீர்ப்பளித்தார்கள்.

இன்னொரு பக்கம், 2021இல் தேர்தல் அறிவிக்கும் நேரத்தில் அவசர அவசரமாக வன்னியருக்கு 10.5 விழுக்காடு என்று ஒரு சட்டம் போட்டார்கள். அதற்கு உரிய ஆதாரம் இல்லை என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒதுக்கீடு என்றால் கணக்குக் காட்ட வேண்டும். யார் பின்னால் நிற்கிறார்கள், எவ்வளவு தூரம் பின்னால் நிற்கிறார்கள் என்று அளந்து காட்ட வேண்டும். கேள்வி கேட்க வழி இருக்க வேண்டும். கேள்விக்குப் பதில் சொல்ல முடிகிற ஒதுக்கீடே நியாயமான ஒதுக்கீடு.

எத்தனை காலத்துக்கு என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். சாக்கடைக்குள் இறங்கிச் சாகிறவன் இன்றும் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று பார்த்துவிட்டு அலுத்துக்கொள்ளட்டும்.

நம் நாட்டுக் கணக்கு

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம். நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 153ஆம் பிரிவு மலாய்க்காரர்க்கும் சபா, சரவாக் பூர்வ குடிகளுக்கும் சிறப்பு நிலை அளிக்கிறது. 1971இல் அதில் ஒரு திருத்தம் சேர்ந்தது. பல்கலைக்கழக இடங்களையும் ஒதுக்கலாம் என்றாயிற்று. கம்பத்தில் பிறந்த ஏழை மலாய்ப் பிள்ளை கல்லூரி ஏறியது இந்த ஏற்பாட்டினால்தான். அதைக் கண்டு நாம் பொறாமைப்படலாகாது. அவன் தகப்பனும் வெயிலில் நின்றவன்தான்.

ஆனால் அதே 1971இல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கையின் முதல் நோக்கம் என்ன? இன வேறுபாடு பாராமல் வறுமையை ஒழிப்பது. இன வேறுபாடு பாராமல்! அந்த வாக்கியத்துக்குள் தோட்டத்து லயமும் அடங்கும். ஆனால் அது தோட்டத்து வாசல் வரை வந்து திரும்பிப் போய்விட்டது என்பதே நம் வருத்தம்.

தோட்டத்துப் பிள்ளையின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1920களின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. வைத்தார்கள். ஆனால் எப்படி? ஓர் ஓலைக் கொட்டகை, ஒரே வாத்தியார், ஆறு வகுப்பு. வாத்தியாரே பாதி நேரம் கிராணி வேலையும் பார்ப்பார். அந்தப் பள்ளியை முடித்தவன் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் போய், புகுமுக வகுப்பில் ஒரு வருடம் மலாய் படித்து, பஸ் கட்டணம் இல்லாமல் பாதியில் நின்று, மறுபடி பால்மரத்துக்கே வந்தான். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டம் வந்தது, லயம் இடிந்தது. லயத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்து எஸ்.பி.எம். எழுதுகிறார்கள். மரம் மாறியது, சரிவு மாறவில்லை.

மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்றவர்க்கு என்ற கணக்கு இருக்கிறது. அந்தப் பத்துக்குள் சீனர், இந்தியர் எல்லாரும் முட்டிக்கொள்ள வேண்டும். 2019இல் இடங்களை 25,000த்திலிருந்து 40,000 ஆக்கினார்கள். கணக்கு மட்டும் மாறவில்லை. 2024இல் பிரதமர் அன்வார் இப்ராகிம், எஸ்.பி.எம்.மில் 10 ஏ எடுத்தவர்க்கு எந்த இனமானாலும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று அறிவித்தார். வரவேற்க வேண்டியதுதான். கைதட்டினோம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். பத்து ஏ எடுக்கும் பிள்ளை பெரும்பாலும் எந்த வீட்டுப் பிள்ளை? வாரம் நாலு தனி வகுப்புக்குப் பணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளை. குலை வெட்டுகிற தகப்பனுக்கும் கூட்டிப் பெருக்குகிற தாய்க்கும் பிறந்து, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, ஆறு ஏ எடுத்தவள் இந்தக் கதவுக்கும் வெளியேதான் நிற்கிறாள். அந்த ஆறு எந்தச் சரிவில் வெட்டிய ஆறு என்று கேட்பதற்கு ஆள் இல்லை. ஒரு வழியில் இனத்தைக் கேட்கிறார்கள். ஒரு வழியில் மதிப்பெண்ணைக் கேட்கிறார்கள். எங்கிருந்து வந்தாய் என்பதற்குப் போதிய மதிப்புக் கொடுப்பதில்லை.

எதைக் கேட்பது?

ஆகவே, 'கோட்டாவை ஒழி' என்று கத்துவது நம் வேலை அல்ல. முழுக்க மதிப்பெண் என்று வைத்துவிட்டால் முதலில் அடிபடுவது நாமேதான். நாம் கேட்க வேண்டியது, பின்னால் நிற்கிற பிள்ளையை எண்ணுங்கள், இனம் எதுவானாலும் எண்ணுங்கள் என்பது. அஸ்லிப் பிள்ளை, கம்பத்துப் பிள்ளை, புதுக் கிராமத்துச் சீனப் பிள்ளை, தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளை நால்வரையும் ஒரே கணக்கில் வையுங்கள். குடும்ப வருமானம் எவ்வளவு, தாய் தகப்பன் எதுவரை படித்தார்கள், வீட்டிலிருந்து பள்ளி எவ்வளவு தூரம் என்று விண்ணப்பத்தில் கேளுங்கள். அதற்கு மதிப்புக் கொடுங்கள். ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று வெளியிடுங்கள். தமிழ்நாடு 7.5 விழுக்காட்டில் செய்து காட்டியது இங்கே முடியாத காரியமா?

இதைக் கேட்பதற்கு நமக்குத் தகுதி வேண்டும். அந்தத் தகுதி நம் வீட்டுக்குள் ஆரம்பமாகிறது. கோயில் நிர்வாகத்தில் சாதி பார்த்து ஆள் எடுத்துவிட்டு, கல்யாணத்துக்குச் சாதி விசாரித்துவிட்டு, அரசாங்கத்திடம் போய் "எங்களைப் பிறப்பைப் பார்த்து ஒதுக்காதே" என்றால் யார் கேட்பார்கள்? நம் படிப்பு நிதிகளும் உபகாரச் சம்பளங்களும் அப்படித்தான். ஒன்பது ஏ, பத்து ஏ எடுத்தவரை மேடையில் ஏற்றி மாலை போட்டுப் பணம் கொடுப்பதே வழக்கமாகிவிட்டது. அவர்களுக்கு வேறு நாலு இடத்திலும் கிடைக்கும். முக்கி முனகி நாலு ஏ எடுத்து, பாலிடெக்னிக்குக்குப் போகக் கட்டணம் இல்லாமல் தொழிற்சாலைக்குப் போகிறானே, அவன் வீட்டைத் தேடிப் போனோமா? சங்கங்களும் கோயில்களும் அடுத்த ஆண்டிலிருந்தாவது பணத்தில் பாதியை அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி வைக்கட்டும். அதுவும் ஒரு கோட்டாதான். நம் கையால் நாமே போடும் கோட்டா.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது, தோட்டப் பாட்டாளிகள் தலைக்கொரு வெள்ளி கொடுத்தார்கள். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பல்கலைக்கழக வாசலைக்கூடப் பார்த்ததில்லை. "நம்ம புள்ளைங்க போகுமில்ல" என்றுதான் கொடுத்தார்கள். கொடுத்தவர்களின் கொள்ளுப்பேரன்கள் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று ஒவ்வொரு தோட்டத்துச் சங்கமும், ஒவ்வொரு தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கமும் உட்கார்ந்து ஒரு கணக்கெடுக்கட்டும். பெயர், பள்ளி, எடுத்த மதிப்பெண், கேட்ட படிப்பு, கிடைத்த பதில் என்று எழுதி வைக்கட்டும். நாடாளுமன்ற உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வரும்போது அந்தத் தாளை அவர் கையில் கொடுத்துப் பதில் கேளுங்கள்.